காற்றுக் கடன்

நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் வரவையும் செலவையும் ஏட்டில் ஏற்றுவது எமக்கு வாய்த்த பணி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பணியைச் செய்து வருகின்ற யாம் ஒன்றை நன்கு அறிவோம். ஏட்டில் ஏறிய கடனுக்கு ஒரு நாள் முடிவு உண்டு. தவணை தீரும், கையொப்பம் விழும், கணக்கு மூடப்படும். ஏட்டில் ஏறாத கடனுக்குத் தவணை இல்லை, வட்டி இல்லை, வாயிலில் வந்து நின்று கேட்பாரும் இல்லை. கேட்பார் இல்லாமையால் அதனைக் கடன் என்றே நாம் எண்ணுவதில்லை. அத்தகைய கடன் ஒன்றைப் பற்றியே இங்குப் பேச விழைகின்றோம். அதனை எமக்கு நினைவூட்டியது, தங்கவயலுக்கு எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் நடந்த ஒரு சிறிய மிதிவண்டிப் பந்தயம்.

எம் தமக்கையாரின் மகன் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் கணிப்பொறித் துறையில் பணியாற்றுகிறான். வயது 24. அங்குக் குடியேறிய இரண்டாம் ஆண்டில் ஒரு மிதிவண்டிக் கழகத்தில் உறுப்பினன் ஆனான். ஆசிரியர், தச்சர், செவிலியர், கடைக்காரர் என வாரமெல்லாம் பல தொழில் செய்வோர், ஞாயிறு காலையில் ஒன்றுகூடி, நகருக்கு வெளியே நாட்டுப்புறச் சாலைகளில் பந்தயம் ஓட்டுகின்றனர். எவருக்கும் ஊதியம் இல்லை. வென்றவருக்குக் கிடைப்பது சிறு தொகை அல்லது ஒரு பதக்கம். ஓட்டுவோரின் வலிமையைக் கருதி அவர்களை ஏ, பி, சி, டி எனப் பிரித்து ஓடவிடுவது வழக்கம். எம் மருமகன் சி பிரிவினன். இளமையில் இராபர்ட்சன்பேட்டைத் தெருக்களில் வாடகை மிதிவண்டியில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவன், இன்று அயல்நாட்டில் எண் பொறித்த சட்டை அணிந்து பந்தயம் ஓட்டுகிறான் என்பதில் எமக்குப் பெருமை உண்டு.

ஒரு ஞாயிறு மாலை அவன் தொலைபேசியில் அழைத்தான். 60 கிலோமீட்டர் பந்தயத்தில் முதலிடம் பெற்றதாகச் சொன்னான். வாழ்த்தினோம். ஆனால் அவன் குரலில் வெற்றியின் களிப்பு இல்லை. சற்றுப் பொறுத்து, “மாமா, நான் செய்தது தவறா என்று தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றான்.

நடந்தது இதுதான். முடிவுக் கோட்டிற்கு 15 கிலோமீட்டர் இருக்கையில், அவனும் ஐம்பது வயதைக் கடந்த தச்சர் ஒருவரும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து முன்னேறினர். தொடக்கத்தில் இருவரும் முறை வைத்து மாறி மாறி முன்சென்றனர். 10 கிலோமீட்டர் எஞ்சியபோது எம் மருமகன் அவருக்குப் பின்னே தங்கிவிட்டான். அவர் முழங்கையைச் சற்றே அசைத்தார். ‘என் முறை முடிந்தது, நீ முன்னே வா’ என்பது மிதிவண்டி வீரரிடையே அதற்குப் பொருள். இவன் தலையை அசைத்து, இயலாதவன் போலத் தோள்களைத் தளர்த்தினான். மும்முறை அவர் கேட்டார். மும்முறையும் இவன் மறுத்தான். எஞ்சிய தொலைவு முழுதும் அவர் ஒருவரே காற்றை எதிர்த்து ஓட்டினார். கோட்டிற்கு 200 மீட்டர் இருக்கையில் இவன் அவர் பின்னிருந்து பாய்ந்து முந்தினான், வென்றான். அவர் கைகுலுக்கி, “நன்றாக ஓட்டினாய்” என்றார். அந்த ஒரு சொல்லே அவனை உறங்கவிடவில்லை.

அன்பர்கள் இதன் கடுமையை உணர வேண்டுமாயின் காற்றின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். சமநிலத்தில் விரைந்து செல்லும் மிதிவண்டி வீரனுக்கு முதற்பகை காற்றே. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதனை வெல்லத் தேவையான ஆற்றலோ எட்டு மடங்காகிறது. முன்செல்பவன் அக்காற்றைப் பிளந்துகொண்டு செல்ல, அவன் முதுகுக்குப் பின்னே ஓர் அமைதியான இடம் உண்டாகிறது. அவ்விடத்தில் ஒட்டி வருபவனுக்கு உழைப்பில் நூற்றுக்கு 25 முதல் 40 பங்கு வரை மிச்சமாகிறது. நெதர்லாந்து நாட்டின் ஐந்தோவன் நகர ஆய்வாளர்கள் 121 வீரர்கள் கொண்ட பெருங்கூட்டம் ஒன்றை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு இதனினும் வியப்பானது. கூட்டத்தின் நடுவிலும் பின்பகுதியிலும் பாதுகாப்பாகச் செல்பவன்மீது விழும் காற்றுத்தடை, தனித்துச் செல்பவன்மீது விழுவதில் 5 முதல் 10 விழுக்காடு அளவே என்று அவர்கள் கண்டனர்.

இந்த உண்மையை யாம் நூல்வழி அறிவதற்கு முன்பே வாழ்வில் அறிந்திருந்தோம். எமக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஓர் ஆடி மாதத்தில் உறவினர் இல்ல நிகழ்ச்சிக்காக எம் தந்தையாரும் யாமும் இரண்டு மிதிவண்டிகளில் பங்காருபேட்டைக்குச் சென்றோம். வழியெங்கும் வெட்டவெளி, எதிர்க்காற்றோ ஆளைத் தள்ளியது. யாம் மிதிக்க மாட்டாமல் நின்றுவிட்டோம். தந்தையார் திரும்பி வந்து, “என் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வா, வேறெதையும் பார்க்காதே” என்றார். அவ்வாறே சென்றோம். காற்று எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சுரங்கத்தில் பாறை துளைத்த கல்தூளை இருபது ஆண்டுகளாக மூச்சில் வாங்கிய நெஞ்சு அவருடையது. அந்த நெஞ்சின் இரைப்பை வழிநெடுகக் கேட்டோம். ஆயினும் அது எமக்காக இரைக்கின்றது என்று அன்று எமக்குத் தோன்றவில்லை. ஊர் எல்லையை அடைந்ததும் அவர் விலகிக்கொண்டு, “நீ முன்னால் போ” என்றார். உறவினர் வீட்டு வாயிலில் யாமே முதலில் போய் நின்றோம். “இவ்வளவு தூரம் தனியாகவே மிதித்தாயா?” என்று கேட்டார்கள். “ஆம்” என்றோம்.

இனி மருமகனின் கேள்விக்கு வருவோம். அவன் செய்தது தவறா?

தவறன்று என்பார் முதலில் காட்டுவது விதியை. பின்னே செல்லக் கூடாது என்று சாலைப் பந்தய விதி சொல்லவில்லை. இத்தனை முறை முன்னே வர வேண்டும் என்றும் சொல்லவில்லை. வலியோருக்கும் மெலியோருக்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சரிசெய்ய ஆஸ்திரேலியர் நெடுங்காலமாக ஒரு முறையைக் கையாண்டு வந்துள்ளனர். மெலிந்தோரை முன்னதாகப் புறப்பட விட்டு, மிக வலியோரைக் கடைசியில் விடுவது அம்முறை. மெல்போர்னுக்கும் வார்னம்பூலுக்கும் இடையே 1895இல் தொடங்கிய புகழ்பெற்ற நெடும்பந்தயம் பல பத்தாண்டுகள் இவ்வாறே நடந்தது. ஆகவே கால்வலிமைக்கு ஈடுசெய்ய மனிதர்கள் விதி வகுத்துவிட்டனர். ஆனால் யார் எவ்வளவு காற்றைச் சுமந்தார் என்று அளந்து அதற்குப் பரிசு கொடுக்க இதுவரை எவரும் விதி வகுக்கவில்லை. கோட்டை முதலில் தொட்டவனே வென்றவன். விதி வாய்மூடி இருக்குமிடத்தில் அறம் வாய்திறக்க வேண்டியதாகிறது.

அடுத்து அவர்கள் கூறுவது, ஆட்டத்தில் ஏமாற்றுவது இயல்பு என்பது. இதனையும் எளிதாகத் தள்ள இயலாது. சடுகுடு ஆடுபவன் இடப்புறம் பாய்வதுபோல் காட்டி வலப்புறம் தொடுகிறான். சிலம்பம் சுற்றுபவன் தலைக்கு ஓங்குவதுபோல் காட்டிக் காலில் தட்டுகிறான். இவர்களைப் பொய்யர் என்று எவரும் சொல்வதில்லை. பகைவர் இருவரும் ஒருவரையொருவர் நம்பாமல் நிற்கும் இடம் அது. ஆனால் அந்த 10 கிலோமீட்டர் தொலைவில் தச்சரும் எம் மருமகனும் பகைவராக மட்டும் இருக்கவில்லை. பின்னால் துரத்தி வந்த கூட்டத்திற்கு எதிராக அவர்கள் இருவரும் கூட்டாளிகள். ‘என்னால் இயலவில்லை’ என்று இவன் காட்டிய குறிப்பு, பகைவனுக்குக் காட்டிய போக்கு அன்று. கூட்டாளிக்குச் சொன்ன சொல். ‘எனக்கு வலிமை உண்டு, ஆனால் வரமாட்டேன்’ என்று அவன் உண்மையைக் காட்டியிருந்தால், தொடர்ந்து இழுப்பதா, வேகத்தைக் குறைப்பதா என்று முடிவெடுக்கும் உரிமை அவரிடம் இருந்திருக்கும். பொய்யால் அவன் பறித்தது வெற்றியை அன்று, அந்த உரிமையை. யாம் அவனிடம் முதலில் சொன்னது இதுவே.

ஆயினும் எம் உள்ளம் அத்துடன் அமையவில்லை. அவன் உண்மையிலேயே களைத்திருந்தான் என்றே வைத்துக்கொள்வோம். பொய் இல்லை. அப்போதும் அந்தத் தச்சர் சுமந்த காற்றுக்கு அவன் கடன்படவில்லையா?

பின்னே செல்வது இழிவு என்று யாம் கூறவில்லை. வலியவன் பின்னே மெலியவன் ஒதுங்குவதும், மூத்தவர் நிழலில் இளையவர் வளர்வதும் உலக இயற்கை. எவரையும் சாராமல் தன் காற்றைத் தானே கிழித்துச் சென்றவர் எவரேனும் உளரோ என்று தேடினால், ஆஸ்திரிய நாட்டுப் பெண்மணி அன்னா கீசன்ஹோஃபர் நினைவுக்கு வருகிறார். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். தொழில்முறைக் குழு எதிலும் இல்லாதவர். 2021 சூலை 25 அன்று நடந்த டோக்கியோ ஒலிம்பிக் மகளிர் சாலைப் பந்தயத்தில், 137 கிலோமீட்டரில் கடைசி 40 கிலோமீட்டரையும் தன்னந்தனியே ஓட்டித் தங்கப் பதக்கம் வென்றார். அவர் முன்னே சென்றதை அறியாமல், இரண்டாவதாக வந்த நெதர்லாந்து வீராங்கனை தாமே வென்றதாக எண்ணிக் கைகளை உயர்த்தினார். எனினும் அந்த அன்னாவும் பந்தயத்தின் தொடக்கத்திலேயே வேறு நால்வருடன் சேர்ந்து கூட்டத்தை விட்டுப் பிரிந்தவர். காற்றை அவர்களோடு பங்கிட்டுக்கொண்டே நெடுந்தொலைவு வந்தவர். முற்றத் தனியே வென்றவர் என்று ஒருவரைக் காட்டுவது மிக அரிது.

ஆகவே பின்னே சென்றோமா என்பது அன்று கேள்வி. பின்னே சென்றதை என்ன பெயரிட்டு அழைக்கிறோம் என்பதே கேள்வி.

தொழில்முறைப் பந்தயத்தில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு குழுவிலும் தலைவன் ஒருவன். அவனுக்காகக் காற்றைச் சுமக்கவும், நீர்க்குடுவை கொணரவும் துணைவர் பலர். அத்துணைவரைப் பிரெஞ்சு மொழியில் வீட்டு வேலையாள் என்னும் பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். 1934ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுச் சுற்றுப் பந்தயத்தில் இருபது வயது இளைஞர் ரெனே வியெத்தோ, பிரேனே மலைச்சரிவில் தம் குழுத் தலைவர் அந்தோனின் மாஞின் சக்கரம் பழுதுற்றபோது, தம் சக்கரத்தையே கழற்றிக் கொடுத்தார். மறுநாளும் தலைவருக்கு இடர் நேர, முன்னே சென்றுகொண்டிருந்த வியெத்தோ வந்த மலைவழியிலேயே திரும்பி ஏறி உதவினார். மாஞ் அவ்வாண்டுப் பந்தயத்தை வென்றார். வியெத்தோ ஐந்தாம் இடம் பெற்றார். சக்கரம் இழந்த மிதிவண்டியருகே கற்சுவர்மீது அமர்ந்து அந்த இளைஞர் கண்ணீர் விடும் ஒளிப்படம் உலகப் புகழ் பெற்றது. தலைவனுக்குக் கிடைக்கும் பரிசுத்தொகையைத் துணைவர் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும்படி அவன் விட்டுக்கொடுக்கும் வழக்கமும் அவ்வுலகில் வேரூன்றியுள்ளது. அங்குக் காற்றுக்கு விலை உண்டு. சுமந்தவனுக்கு ஊதியம் உண்டு; பங்கு உண்டு.

ஊதியமின்றி ஓட்டும் அமெச்சூர் வீரரிடையே இக்கணக்கு இல்லை. அமெச்சூர் என்னும் சொல்லின் வேர், அன்பு செய்பவன் என்னும் பொருளுடையது. அன்பினால் ஆடுவோர் களத்தில் ஒருவர் சுமக்கும் காற்று மற்றவருக்குக் கொடையாகிறது. கூலிக்கு வந்தவனுக்குக் கூலியைக் கொடுத்துக் கணக்கை மூடலாம். கொடையை அவ்வாறு மூட முடியாது. அதற்கு ஈடாக நாம் அளிக்கக் கூடியது ஒன்றே ஒன்று: ‘இது என்னுடையது மட்டும் அன்று’ என்று வாய்திறந்து சொல்லுதல். அதனையும் செய்யாதவன், கடனைத் திருப்பித் தராதவன் மட்டும் அல்லன், கடன்பட்டதையே மறுப்பவன். செய்ந்நன்றி அறிதலுக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். அறிதல் என்று அதற்குப் பெயரிட்டார். திருப்பித் தருதல் என்று பெயரிடவில்லை.

இவ்வாறெல்லாம் மருமகனுக்கு எடுத்துரைத்தோம். அவன் பொறுமையாகக் கேட்டான். தொலைபேசியை வைத்த பின்னர்தான் எமக்கே ஒரு நடுக்கம் உண்டாயிற்று. அவனுக்குச் சொன்ன அறம் எம்மையே திரும்பி நோக்கிற்று.

தங்கவயலில் வாழ்கின்ற தமிழ்க் குடும்பங்கள் அனைத்தும் பின்னே வந்த குடும்பங்களே. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்ட பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து எம் முன்னோர் வந்து சேர்ந்தனர். 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து மின்சாரம் வந்து எந்திரங்களை இயக்கிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்கு இறங்கிற்று. பாறை வெடித்துச் சிதறியபோது மாண்டவர் பலர். கல்தூள் அடைத்த நெஞ்சுடன் மெல்ல மாண்டவர் இன்னும் பலர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பெற்றது. அதற்குள் ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளிவந்திருந்தது. எஞ்சியவை சயனைடு மண்மேடுகளும், சுரங்க லைன்களின் சிறு வீடுகளும், அவற்றில் இருமிக்கொண்டிருந்த முதியோருமே. இன்று மாரிக்குப்பத்திலிருந்து வைகறைத் தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் ஆயிரக்கணக்கானோரும், கடல் கடந்து சென்ற எம் மருமகன் போன்றோரும், அம்முன்னோர் முகத்தில் வாங்கிய காற்றின் பின்னே வந்தவர்களே. அவர்கள் நிலத்தடியில் இறங்கியதால் நாம் நிலத்தின்மேல் நிமிர்ந்து ஓட முடிந்தது.

இதுவரை சொன்னது ஊரின் கதை. ஊரின் கதையைச் சொல்வது எளிது. அதில் நம் முகம் தெரிவதில்லை. எம் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகின்றோம்.

தந்தையாரின் நெஞ்சு நலிந்து வேலை நாட்கள் குறைந்தபோது, எம் தமக்கையார் பத்தாம் வகுப்பில் முதல் வகுப்பில் தேறியிருந்தார். கல்லூரியில் சேர விண்ணப்பமும் வாங்கி வைத்திருந்தார். அவ்விண்ணப்பம் நிரப்பப்படாமலே பெட்டியில் கிடந்தது. அவர் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்தார். ஒன்பது ஆண்டுகள் அமர்ந்தார். பள்ளிச் சீருடைகளும் இரவிக்கைகளும் தைத்து, எம் கல்லூரிக் கட்டணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் கட்டினார். தம் திருமணத்தை இரண்டு முறை தள்ளி வைத்தார். யாம் பி.ஏ. தேறிய ஆண்டும் சுரங்கம் மூடப்பெற்ற ஆண்டும் ஒன்றே. அதன் பின்னரே அவர் மணம் நடந்தது. நடுவண் அரசுத் தேர்வெழுதி யாம் எழுத்தர் பணி பெற்றபோது, ஊரார் எம்மை வாழ்த்தினர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவில் பிள்ளைகளுக்கு ஊக்கமுரை ஆற்ற எம்மை அழைத்தனர். மேடையேறிய யாம், “எவர் துணையும் இன்றி, சொந்த முயற்சி ஒன்றையே நம்பி இந்நிலைக்கு வந்தோம், நீங்களும் அவ்வாறே வரலாம்” என்று முழங்கினோம். பிள்ளைகளை ஊக்க வேண்டும் என்பதே எண்ணம். பொய் சொல்ல வேண்டும் என்பதன்று. ஆனால் பங்காருபேட்டை உறவினர் வாயிலில் பன்னிரண்டு வயதில் யாம் சொன்ன ‘ஆம்’ என்னும் அதே சொல்தான் அன்றும் எம் வாயிலிருந்து வந்தது. எம் தமக்கையார் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தார்.

அவர் எதையும் எதிர்பார்த்துச் செய்யவில்லையே, பின் கடன் ஏது என்று எம் மனம் எமக்காக வாதாடிற்று. எதிர்பார்த்துச் செய்தவருக்கு விலை கொடுத்து விடுபடலாம். எதிர்பாராமல் செய்தவரிடமிருந்து விடுபடவே வழியில்லை என்று அதே மனம் மறுமொழி சொல்லிற்று. முன்னோர்க்குப் பட்ட கடனைப் பின்னோர்க்குச் செய்து தீர்க்கலாம் என்று சான்றோர் சொல்வதுண்டே என்றும் எண்ணினோம். அது மெய்யே. தந்தையார் மறைந்துவிட்டார், இனி அவர் முன்னே சென்று காற்றைச் சுமக்க எம்மால் இயலாது. எம் பிள்ளைகளுக்காகச் சுமக்கலாம், சுமக்கிறோம். ஆனால் உயிரோடு அடுத்த தெருவில் தைத்துக்கொண்டிருப்பவருக்குப் பட்ட கடனையும் அவ்வாறு பின்னோர் கணக்கில் எழுதிவிடுவது நேர்மையன்று. கேட்க முடியாதவர்க்குரியதைப் பின்னோர்க்குச் செய்யலாம். கேட்கக் கூடியவர்க்குரியதை அவரிடமே சொல்லியாக வேண்டும்.

அடுத்த ஞாயிறன்று மருமகன் மீண்டும் அழைத்தான். அன்று பந்தயம் தொடங்குமுன் அந்தத் தச்சரைத் தேடிச் சென்று, “சென்ற வாரம் எனக்குக் களைப்பு இல்லை, களைத்ததுபோல் நடித்தேன்” என்று சொல்லிவிட்டானாம். அவர் சிரித்தாராம். “எனக்குத் தெரியும். பத்துக் கிலோமீட்டர் உன் மூச்சு என் காதருகே கேட்டதே, களைத்தவன் மூச்சு அப்படி இருக்காது” என்றாராம். அப்படியானால் ஏன் தொடர்ந்து இழுத்தீர்கள் என்று இவன் கேட்டதற்கு, “நான் வேகத்தைக் குறைத்தால் பின்னால் வந்த கூட்டம் நம் இருவரையும் விழுங்கியிருக்கும். இருவரும் தோற்பதைவிட ஒருவனாவது வெல்லட்டும் என்று எண்ணினேன்” என்றாராம்.

அன்பர்களே, இச்செய்தி யாம் முதலில் மருமகனுக்குச் சொன்ன தீர்ப்பைத் திருத்திவிட்டது. பொய்யால் அவருடைய உரிமையைப் பறித்தான் என்றோம். அவன் பறிக்க முயன்றது உண்மை. ஆனால் அது அவரிடமே இருந்தது. அவர் அறிந்தே கொடுத்தார். ஏமாந்து இழந்தவரை எண்ணி இரங்கலாம்; அறிந்து கொடுத்தவரை எண்ணும்போது இரக்கம் போதாது. அங்கே கடன் குறையவில்லை, பெருகுகிறது. எம் தமக்கையாரும் நிரப்பாத விண்ணப்பத்தைப் பெட்டியில் வைத்து மூடியபோது, தாம் எதனை விடுகிறோம் என்று அறியாமலா மூடினார்?

மிதிவண்டி ஆய்வாளர் கண்ட இன்னோர் உண்மையும் உண்டு. பின்னே ஒட்டி வருபவன் முன்செல்பவனுக்கும் சிறிது உதவுகிறான். முன்னவன் முதுகைப் பின்னிழுக்கும் காற்றுச் சுழல், பின்னவன் நெருங்கி வருவதால் குறைகிறது. அவ்வுதவி மிகச் சிறிது. நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே. ஆயினும் அது இல்லாமல் இல்லை. ஆனால் நெருங்கி வந்தால்தான் அதுவும். விலகிச் சென்றவனால் அந்த இரண்டு பங்கும் இல்லை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் நம் பிள்ளைகள் இதனைக் கருதுவார்களாக. முன்னே சென்றோர் நம்மிடம் கேட்பது நூறு பங்கன்று. அருகில் இருப்பதும், அறிந்திருப்பதும், அறிந்ததை நாலு பேர் முன் சொல்வதும் ஆகிய அந்த இரண்டு மூன்று பங்கே.

எம் அலுவலகத்தில் ஒரு நடைமுறை உண்டு. ஏட்டில் பிழை நேர்ந்தால் அதனைச் சுரண்டி அழித்தல் கூடாது. அதன்மேலேயே எழுதுதலும் கூடாது. பிழையின் மீது ஒரு கோடிட்டு அடித்து, பிழையும் தெரியுமாறு, சரியானதை அருகே எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். இக்கட்டுரையை அத்தகைய ஒரு கோடாகவே அன்பர்கள் கொள்ள வேண்டுகிறோம். அன்று மேடையில் எவர் துணையும் இன்றி என்று யாம் சொன்னது பிழை. தந்தையார் சுமந்த காற்றின் பின்னும், தமக்கையார் சுமந்த காற்றின் பின்னும் வந்தவர் யாம் என்பதே சரி.

அவ்வுரை முடிந்ததும் அவையில் முதலில் கைதட்டியவர் எம் தமக்கையாரே. அவர் முகத்தில் அன்று யாம் கண்டது பெருமை என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தோம். பெருமைதான். ஆனால் அவர் அறிந்தே தட்டினார் என்பது இப்போதுதான் எமக்கு விளங்குகிறது. இம்மலரின் முதற்படி கைக்குக் கிடைத்ததும், அஞ்சலில் அனுப்பாமல், அடுத்த தெருவிற்கு யாமே எடுத்துச் செல்வோம்.